சுகரால் கால் எரிகிறதா? ஆங்கில மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் போகுமுன் செய்ய வேண்டியவை

அம்மாவுக்குச் சுகர் வந்து பதினான்கு வருடம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், "பாதம் ரெண்டும் மொளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுடா" என்று ராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்தார். பகலில் அவ்வளவாகத் தெரியாது. படுத்தால்தான் எரிச்சல். போர்வை விரலில் பட்டால்கூடப் பொறுக்காது. ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு வெறும் சிமெண்ட் தரையில் படுப்பார். அதே அம்மாதான் ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை ஒற்றைச் செருப்போடு நடந்துவிட்டு வந்தார். எரிச்சல் இருக்கும் அதே பாதத்தில் உணர்வும் இல்லை. சுகர் நரம்பைப் பிடித்தால் இப்படித்தான் இருக்கும் என்பது எங்களுக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதத்தில் நாங்கள் செய்து பார்க்காதது இல்லை. கடையில் கேட்டு வாங்கிய சத்து மாத்திரை, வாரம் ஒரு 'நரம்பு ஊசி', சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த பெயரில்லாப் பொட்டலச் சூரணம், கல் உப்புப் போட்ட வெந்நீர். அந்த வெந்நீர்தான் பெருவிரலுக்குக் கீழே கொப்புளமாகி, ஆறுவதற்கு ஏழு வாரம் எடுத்தது. சுட்டது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. மொத்தச் செலவு பதினெட்டாயிரம் ரூபாயைத் தாண்டியது. முறையாகப் போயிருந்தால் அதில் கால்வாசி ஆகியிருக்காது.

எந்தக் கதவை எப்போது தட்டுவது, கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மாத்திரை அளவை இதைப் படித்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். செலவாக நான் சொல்லும் தொகைகள் எங்கள் ஊர்ப் பக்கம் நாங்கள் கொடுத்தவை; உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம்.

1. மருத்துவரைப் பார்க்குமுன் ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் சுகர் எந்த வருடம் தெரிந்தது, எரிச்சல் எந்த மாதம் தொடங்கியது, இரண்டு காலிலுமா ஒரு காலிலா என்று எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும். 'சின்ன வெள்ளை மாத்திரை' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும், அதை எழுதுங்கள். காலையில் குடிக்கும் ஆவாரம்பூத் தண்ணீர், வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு எல்லாம் இந்தப் பக்கத்தில் வர வேண்டும். "அது மருந்தா என்ன" என்று அம்மா மூன்றை விட்டுவிட்டார். அதில் ஒன்று பின்னால் எங்களைப் படுத்தியது.

மூன்றாவது பக்கத்தில் ஒரு வாரத்துக்கு ராத்திரிக் கணக்கு. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. படுக்குமுன் ஒரு எண், அவ்வளவுதான். "ரொம்ப எரியுது டாக்டர்" என்பதைவிட "ஏழு நாளில் ஐந்து நாள் எட்டு" என்பது மருத்துவருக்கு உடனே புரியும். மருந்து கேட்கிறதா இல்லையா என்று பின்னால் தெரிந்துகொள்ளவும் இந்த எண்தான் உதவும்.

2. இது சுகர் நரம்புதானா என்று உறுதி செய்யுங்கள்

சுகர்க்காரருக்குக் கால் எரிந்தாலே எல்லாரும் சுகர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, நாள்பட்ட குடிப்பழக்கம், சிறுநீரகக் கோளாறு, இடுப்பு டிஸ்க், தொழுநோய், இவை எல்லாமே காலை மரக்கவும் எரியவும் வைக்கும். சுகர் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல மேலே ஏறும். ஒரு காலில் மட்டும் இருந்தால், சில வாரத்தில் வேகமாக ஏறினால், மரப்பைவிட பலக்குறைவு அதிகமாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். நடந்தால் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் விடுகிற வலி ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு வேறு பரிசோதனை.

பாதத்தைச் சோதிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் என்று ஒரு நைலான் இழை. அது வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு "தெரிகிறதா" என்று கேட்பார்கள். 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையைப் பெருவிரல் எலும்பில் வைப்பார்கள். பயோதீசியோமீட்டர் இருந்தால் அதிர்வு எத்தனை வோல்ட்டில் தெரிகிறது என்று எண்ணாகவே சொல்லிவிடும். 15க்குள் இருந்தால் நல்லது. 25ஐத் தாண்டினால் காலில் புண் வரும் ஆபத்து அதிகம். அம்மாவுக்கு 32. சுகர் கிளினிக்கில் இதற்கு நாங்கள் கொடுத்தது 400 ரூபாய். நரம்பின் வழியே மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் சோதனைக்கு (என்.சி.எஸ். என்பார்கள்) இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். எரிச்சலைக் கொண்டுவரும் மெல்லிய நரம்புகளின் பாதிப்பு அதில் தெரியாமல் போகலாம். பொதுவான கேஸுக்கு அது தேவையில்லை. எதற்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ரத்தத்தில் நான்கு பரிசோதனை: சுகரின் மூன்று மாதச் சராசரி (ஹெச்.பி.ஏ.1.சி.), சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பி12. எங்களுக்கு எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் முதல் இரண்டையும் பணம் இல்லாமல் எடுத்தார்கள். பி12ஐ வெளியே எடுக்கச் சொன்னார்கள்.

பி12ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையும், அந்தக் குறையே பாதத்தை மரக்க வைக்கும். சுகர் நரம்புக்கும் இதற்கும் அறிகுறியில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் இது சரிசெய்யக்கூடியது. இதில் நாங்கள் விழுந்த பள்ளம்: பரிசோதனைக்கு முன்பே சத்து மாத்திரையும் ஊசியும் போட்டாயிற்று. அதன்பின் எடுத்தால் ரத்தத்தில் எண் நன்றாகத்தான் இருக்கும், முன்னால் குறைந்திருந்ததா என்று தெரியவே தெரியாது. ஆகவே முதலில் ரத்தம், அப்புறம் ஊசி.

3. எங்கே போவது, என்ன எடுத்துக்கொண்டு போவது

எங்கள் அனுபவத்தில் அரசுத் தலைமை மருத்துவமனையின் சுகர் ஓ.பி. இதற்குப் போதுமானது. காலை ஏழரைக்கு வரிசையில் நின்றால் பதினொன்றுக்குள் வெளியே வரலாம். ஆதார் நகல், பழைய சுகர் நோட்டு, கடைசி ஆறு மாத லேப் சீட்டுகள், மேலே சொன்ன நாற்பது பக்க நோட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் ஸ்ட்ரிப்புகள் ஒரு பையில். நாட்டு மருந்து டப்பாவும் அதே பையில். எளிதில் கழற்றக்கூடிய செருப்பு போட்டு அழைத்துப் போங்கள். மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொல்லாமல் மருந்து எழுதினால், "காலை ஒரு தடவை பாத்துருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சுகர், பிரஷர் மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் நரம்பு வலி மாத்திரைக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கானது. மாதாந்திர மாத்திரைச் செலவுக்கு அது வராது. ஆனாலும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. காலில் புண் வந்து சேர்க்க நேர்ந்தால் அன்றைக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு அலைய முடியாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, குடும்பத்தார் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எங்களுக்குப் பதினொரு நாளில் வந்தது.

4. சுகரைக் குறையுங்கள், ஆனால் பாய்ந்து குறைக்காதீர்கள்

கெட்ட நரம்பை மீட்கும் மருந்து இன்னும் வரவில்லை. மேலும் கெடுவதை மெதுவாக்க முக்கியமான வழி சுகர்க் கட்டுப்பாடுதான். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு: நெடுநாள் உயரத்தில் இருந்த சுகரை மூன்று மாதத்துக்குள் சடாரென்று இறக்கினால், அதாவது சராசரி 11இல் இருந்து 8க்கோ 7க்கோ ஒரே மூச்சில் வந்தால், அதனாலேயே கடுமையான நரம்பு வலி வரலாம். திடீர் டயட், புதிய இன்சுலின், கூடவே மூலிகைச் சூரணம் என்று மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறவர்களுக்கு இது நடக்கலாம். "நல்லாத்தான் குறைஞ்சிருக்கு, ஏன் இப்படி எரியுது" என்று குழம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மாதத்தில் எவ்வளவு குறைய வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

5. ஆங்கில மருந்து: எது, எத்தனை நாள், எவ்வளவு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீட்டில் இருக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் நரம்பு எரிச்சலுக்குக் கேட்காது. சுகர்க்காரர் சிறுநீரகத்துக்கு அவை கேடு. நரம்பு வலிக்கு எழுதுவது பெரும்பாலும் நான்கில் ஒன்று: அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின், கபாபென்டின்.

எது உசத்தி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2022இல் லான்செட் இதழில் வந்த ஆப்ஷன்-டி.எம். என்ற பிரிட்டன் ஆய்வில் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் வலி குறைவது ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. அதனால் தேர்வு விலையையும் உங்கள் உடம்பில் வேறென்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இதயக் கோளாறு, புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் சரிப்படாமல் போகலாம். டுலாக்ஸெடின் ஆரம்பத்தில் குமட்டும்; கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆகாது. பிரிகாபலினும் கபாபென்டினும் தூக்கம், தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் கொண்டுவரும். கிரியாட்டினின் ஏறியிருந்தால் அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். கிரியாட்டினின் சீட்டைக் காட்டாமல் இந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்த கூத்து ஒன்று. அம்மாவுக்கு 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதினார்கள். தங்கை மகன் போனில் தேடிப் பார்த்து, "ஆச்சி, இது மனநோய்க்குக் கொடுக்கிறது" என்றான். அவ்வளவுதான், மாத்திரை தலையணைக்கு அடியில் போய்விட்டது. "எனக்கென்ன பைத்தியமா?" மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அமிட்ரிப்டிலினும் டுலாக்ஸெடினும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள். கபாபென்டின் வலிப்புக்கு வந்தது. நரம்பு அனுப்பும் தப்பான வலிச் செய்தியை அடக்குவதால் இங்கேயும் கொடுக்கிறார்கள். இதை வாங்கும் அன்றைக்கே நோயாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட மறுநாளே எரிச்சல் போய்விடாது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இரண்டு வாரத்தில் கொஞ்சம் தெரியும். கேட்கிறதா இல்லையா என்று முடிவு கட்ட, சரியான அளவுக்கு வந்தபின் நான்கிலிருந்து ஆறு வாரம் கொடுக்க வேண்டும். எட்டாக இருந்த எண் நான்காக வந்தால் அதுவே நல்ல பலன். எரிச்சலைத்தான் இவை குறைக்கும், மரத்துப்போன இடத்தில் உணர்வைக் கொண்டுவராது. முதல் வாரம் ராத்திரியில் பாத்ரூம் போக எழும்போது யாராவது கூட இருங்கள். அரைத் தூக்கமும் உணர்வில்லாத பாதமும் சேர்ந்தால் விழுந்துவிடுவார்கள். நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

செலவு. அம்மாவுக்குப் பின்னால் மாற்றிய பிரிகாபலின், பிராண்ட் கடையில் மாதம் 540 ரூபாய் ஆனது. அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் நூற்றைம்பதுக்குள் முடிந்தது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். பிராண்ட் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். சீட்டு இல்லாமல் கிடைக்காது. பிரிகாபலினைப் போதைக்காக வாங்குகிறவர்கள் இருப்பதால் சில கடைகளில் புதுச் சீட்டுத்தான் கேட்கிறார்கள். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போதே போய்விடுங்கள்.

சத்து மாத்திரை விஷயத்துக்கு வருவோம். பிரிகாபலினோடு மீதைல்கோபாலமினை (இது பி12இன் ஒரு வடிவம்) சேர்த்த கேப்ஸூல்கள்தான் கடையில் அதிகம். பி12 குறைவில்லாதவர் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஸ்ட்ரிப்பில் பைரிடாக்ஸின் என்று இருந்தால் அதுதான் பி6. அதை அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மூன்று விதச் சத்து மாத்திரையை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் மூன்றிலும் பி6 இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். ஆல்பா லிப்போயிக் அமிலம் என்று விலை கூடிய மாத்திரை ஒன்றும் எழுதுவார்கள். ரத்தக் குழாய் வழியே மருந்தாக ஏற்றியபோது சில வாரப் பலன் தெரிந்த ஆய்வுகள் உண்டு. மாத்திரையாக ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. கையில் பணம் குறைவு என்றால் நான் முதலில் வெட்டுவது அதைத்தான்.

6. நாட்டு மருந்து: பலன் எதில், ஆபத்து எதில்

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. அம்மா இன்றைக்கும் தைலம் தேய்க்கிறார். ஆனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், நாங்கள் அடிபட்டது இங்கேதான்.

சிறுகுறிஞ்சான், வெந்தயம், நாவல்கொட்டை, ஆவாரம்பூ, பாகற்காய் ஆகியவற்றைச் சுகரைக் குறைக்கத்தான் கொடுக்கிறார்கள். கெட்ட நரம்பைத் திரும்பக் கொண்டுவரும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் கிடையாது. சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சுகர் அதிகமாக இறங்கலாம், அதுதான் சிக்கல். அம்மா கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே சிறுகுறிஞ்சான் பொடியைக் காலை மாலை ஒவ்வொரு ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. குளுக்கோமீட்டரில் 58. நோட்டில் எழுதாமல் விட்ட மூன்றில் ஒன்று இதுதான்.

எரிச்சலுக்கே நேரடியாக வேலை செய்யும் மூலிகைப் பொருளில் ஆதாரம் அதிகம் உள்ளது, நம்பமாட்டீர்கள், மிளகாய்தான். அதன் காரச் சத்தான கேப்சைசினை 0.075 சதவீதக் கிரீமாக விற்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, பல வாரம் தேய்க்க வேண்டும். முதல் சில நாள் எரிச்சல் கூடும், அதற்குள் பலர் விட்டுவிடுகிறார்கள். தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். புண், வெடிப்பு உள்ள இடத்தில் கூடாது. இதைப் படித்துவிட்டு அம்மியில் மிளகாய் அரைத்துப் பூசும் வேலையும் வேண்டாம்.

தைலங்களைப் பற்றி: இதமாகத் தேய்ப்பதால் தோல் வறளாமல் இருக்கும், தூக்கமும் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சூடாக்காமல் தேய்க்க வேண்டும். விரலிடுக்கில் எண்ணெய் நிற்கக் கூடாது, சேற்றுப்புண் வரும். தேய்த்த காலோடு வழவழத் தரையில் நடக்கவும் கூடாது. சித்த மருத்துவத்தில் ஒற்றடம் ஒரு முக்கியமான வெளிமருந்து. தசைப் பிடிப்புக்கு நன்றாகவே கேட்கும். உணர்வு போன பாதத்துக்கு மட்டும் அது நெருப்பு. ஒற்றடமோ வெந்நீரோ வைக்குமுன் "காலில் உணர்வு குறைவு, 32 வோல்ட்" என்று சித்த மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள்.

பற்பம், செந்தூரம் வகைகளில் பாதரசம், ஈயம், பாஷாணம் போன்றவை சேரும் மருந்துகள் உண்டு. இந்த உலோகங்கள் முறை தப்பினால் சிறுநீரகத்தையும் நரம்பையுமே தாக்கக்கூடியவை. எந்த நரம்புக்காக மருந்து சாப்பிடுகிறோமோ அதையே. கிரியாட்டினின் ஏறியவர்கள் இவற்றின் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. பட்டியலிட்ட நச்சுப் பொருள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்தானால் மருத்துவ மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். லேபிளே இல்லாத பொட்டலத்தில் எதைத் தேடுவது? சேர்மானப் பட்டியல், உரிம எண், தயாரித்த தேதி இல்லாத எதையும் வாங்காதீர்கள். மூலிகை என்று விற்ற பொடியில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கிலச் சுகர் மருந்து, ஸ்டீராய்டு கலந்து பிடிபட்ட கதைகள் பல நாடுகளில் உண்டு. "சாப்பிட்ட ரெண்டே நாள்ல சுகர் நார்மல்" என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். சுகரைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நல்ல இடங்கள் இருக்கின்றன. மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது, மருந்துக்குக் காசு இல்லை. சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. தெற்கே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி. தனியாரிடம் போனால் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் கவுன்சில் பதிவு எண்ணும் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்குவதானால் அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்காப்ஸ் போல லேபிளோடு வருவதாகப் பார்த்து வாங்கலாம்.

7. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது

ஒரே நாளில் இரண்டையும் தொடங்காதீர்கள். ஒன்றைத் தொடங்கி, குறைந்தது நான்கு வாரம் எண் எழுதிய பிறகே அடுத்தது. இல்லாவிட்டால் குறைந்தால் எதனால், தொந்தரவு வந்தால் எதனால் என்று யாருக்கும் தெரியாது. சித்த மருத்துவர் எழுதியதை ஆங்கில மருத்துவரிடமும், அவர் எழுதியதை இவரிடமும் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்கிறோம். எங்களை ஒருவர் திட்டினார், உண்மைதான். ஆனால் அடுத்த நிமிடமே கிளிமிபிரைடு அளவைப் பாதியாக்கினார்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட சில சேர்க்கைகள்: அமுக்கராவும் பிரிகாபலினும் இரண்டுமே தூக்கத்தைக் கூட்டும். அதிமதுரம் நாள்பட்டால் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். அமிட்ரிப்டிலின் மலத்தைக் கட்டுகிறதே என்று தினமும் நிலாவாரைப் பொடி சாப்பிட்டாலும் பொட்டாசியம் போகும். வெந்தயப் பொடியின் நார் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுகிறோம்.

புதிதாகச் சேர்த்த முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும் ராத்திரி படுக்குமுன்னும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாகக் கேட்காது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

8. பாதம்

எந்த மருந்தைவிடவும் காலைக் காப்பாற்றுவது செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள், மெத்தென்ற ரப்பர் அடி, பின்பட்டை இருக்க வேண்டும். எங்களுக்கு 850 ரூபாய். சாயங்காலம் போய் அளவு பாருங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கி உண்மையான அளவு தெரியும். வீட்டுக்குள்ளும் செருப்புத்தான், இதற்கு அம்மாவைச் சம்மதிக்க வைக்க மாத்திரையைவிட அதிகப் பாடுபட்டோம். கடைசியில் வீட்டுக்கென்று தனிச் செருப்பு வாங்கி, பூஜை அறை வாசல் வரைக்கும் என்று ராசியானோம். சித்திரை, வைகாசியில் மதிய வேளை கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி, பாதம் கொப்பளித்து வருகிறவர்கள் எத்தனையோ பேர். காலை ஏழு மணிக்குள் போய்வாருங்கள், தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

தினமும் ராத்திரி படுக்குமுன் கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்ப்பது, விரலிடுக்கைத் துணியால் ஒற்றுவது, செருப்பை உதறிப் போடுவது, நகத்தை நேராக வெட்டுவது. ஆணிக்குக் கார்ன் கேப் ஒட்டுவதும் பிளேடால் சீவுவதும் வேண்டாம். தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் பார்க்காதீர்கள்.

ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் அது சுளுக்கு என்று தைலம் தேய்த்து நடக்கவிடாதீர்கள். எலும்பு உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். கால் ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவமனை. கறுத்த விரல், நாற்றமடிக்கும் புண், புண்ணோடு காய்ச்சல் இவற்றுக்கும் அன்றைக்கேதான்.

9. எத்தனை நாள் ஆகும்

முதல் வாரம் நோட்டு, ரத்தப் பரிசோதனை, ஓ.பி. இரண்டாவது வாரம் மருந்து தொடக்கம், செருப்பு. ஆறாவது வாரம் நோட்டோடு மறுபடி ஓ.பி., அளவு ஏற்றவோ மாற்றவோ. நாட்டு மருந்து சேர்ப்பதானால் அதற்குப் பிறகு. மூன்றாவது மாதம் சராசரிச் சுகரும் கிரியாட்டினினும். அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை பாதச் சோதனையும் பி12உம். இரண்டாம் வகைச் சுகர் தெரிந்த அன்றைக்கே முதல் பாதச் சோதனை செய்திருக்க வேண்டும், எங்களைப் போல வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

முதல் மூன்று மாதம் எங்களுக்கு, இந்த வரிசையில் போனபின், எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். இப்போது மாதம் முந்நூறுக்குள். அம்மாவின் நோட்டில் ராத்திரி எண் மூன்று, மழை நாளில் நான்கு. கட்டிலில்தான் படுக்கிறார், போர்வை போர்த்திக்கொண்டு.